மூன்று விரல் இடைவெளி

முன்சக்கரம் சுற்றவில்லை.

நியூட்ரலில் போட்டுப் பார்த்தேன். இறங்கி, ஹேண்டில்பாரில் நெஞ்சைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தேன். சக்கரம் சேற்றில் சறுக்கியதே தவிர, உருளவில்லை. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கரிசல் மண் அப்பி, திணிந்து, இறுகிப்போயிருந்தது. எது டயர், எது மண் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

பாதையோரத்தில் என் மனைவி கோமதி நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் செருப்பு. இன்னொரு கையால் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் பையை நெஞ்சோடு அணைத்திருந்தாள். பைக்குள் அவளுடைய சான்றிதழ்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் வரை எல்லாம் அசல். பத்து மணிக்குள் அந்தப் பையோடு அவள் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்து வராந்தாவில் இருக்க வேண்டும். கடம்பூருக்கும் மணியாச்சிக்கும் நடுவில், மேலே வானமும் கீழே சேறும் தவிர வேறொன்றும் இல்லாத இடத்தில் நாங்கள் நின்றோம்.

"மணி என்னங்க?" என்றாள்.

எட்டே முக்கால். "எட்டரை" என்றேன்.

பதினைந்து நிமிஷப் பொய். அன்றைக்கு அது முதல் பொய். இன்னொன்றும் சொன்னேன். அதைச் சொல்லத்தான் இந்த வாரம் தொடரை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மூத்த தாரம்

வண்டியைப் பற்றிச் சொல்லாமல் இதை நகர்த்த முடியாது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முந்நூற்றைம்பது சிசி. இரட்டை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். இரண்டு பக்கமும் இரண்டு சைலன்சர். ஊரே நூறு சிசி வண்டி வாங்கிவிட்டு, "லிட்டருக்கு எத்தன கொடுக்கு?" என்று டீக்கடையில் கணக்குப் பேசிக்கொண்டிருந்த தொண்ணூறுகளில், தயாரிப்பே நின்றுபோன பழைய வண்டி அது. வேகமாகவும் போக வேண்டும், வெகுதூரமும் போக வேண்டும் என்று இரண்டுக்கும் சேர்த்துச் செய்தது. பின்னால் ஆளை வைத்துக்கொண்டு கன்னியாகுமரி போய்த் திரும்பினாலும் இடுப்பு பிடிக்காது. சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்க இதை வாங்குகிறவன் கிறுக்கனாகத்தான் இருப்பான். நான் வாங்கினேன்.

கொடுத்தவர் கடம்பூர் சவரிமுத்து அண்ணாச்சி. நிலக்கடலை வியாபாரி. கடலை பறிக்கிற காலத்தில் சுற்றுவட்டாரத்துக் காடு கரையெல்லாம் இந்த வண்டியில்தான் அலைந்தார். மூட்டு தேய்ந்து, கிக்கரை உதைக்க முடியாமல் போனதும் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"கண்டவன்ட்ட குடுக்க மனசு வரல தம்பி. நீ மில்லுல பிட்டரு. பாத்துக்கிடுவ" என்றார்.

நான் அப்போது கோவில்பட்டியில் ஒரு நூற்பாலையில் பிட்டர். முதல் ஷிப்ட் மூன்று மணிக்கு முடியும். மூன்றரைக்கு வீட்டுக்குப் பின்னால் உள்ள கூரைக்கொட்டகையில் உட்கார்ந்தால், விளக்கு வைக்கிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன். வலது பிஸ்டன் இறுகிக் கிடந்தது. சைலன்சர் இரண்டும் துரு தின்று சல்லடையாகியிருந்தன. கிராங்கைப் பிரித்து மதுரைக்குக் கொண்டுபோனேன். ரிங்குக்காகப் பழைய இரும்புக் கடைகளில் கால் கடுக்க அலைந்தேன். புஷ்ஷை நானே லேத்தில் கடைந்தேன். இரண்டு வருஷம் அதே வேலையாக இருந்தேன்.

"வந்துட்டாரு. மூத்த தாரத்தப் பாக்காம இவருக்கு ஒரு வாய் காப்பி இறங்காது" என்பாள் கோமதி. வீட்டுக்கு வந்தவர்களிடம், "இந்த வீட்டுல நான் ரெண்டாவதுதான்" என்று சிரிக்காமல் சொல்லுவாள். காயப்போட்ட சேலையில் ஆயில் புகை வாடை அடித்தால் அன்றைக்கு எனக்குச் சோறு கொஞ்சம் சூடு ஆறித்தான் வரும்.

ஆனால் ஒன்று. அந்த வண்டியின் சத்தம் என்னைவிட அவளுக்குத்தான் நன்றாகப் பிடிபட்டது. அடுப்படியில் நின்றபடியே, "இடது பக்கம் ஒழுங்கா அடிக்கலங்க" என்பாள். போய்ப் பார்த்தால் இடது பக்கத்துப் பிளக்கில் கரி அடைத்திருக்கும். கையை நீட்டி "பத்து" என்றால் பத்தாம் நம்பர் ஸ்பேனர் வந்து உள்ளங்கையில் விழும்.

மில்காரன் கண்

நூற்பாலையில் வேலை பார்த்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. இடைவெளி கண்ணை உறுத்தும். ரோலருக்கும் ரோலருக்கும் நடுவே மயிரிழை கூடிப்போனாலும் நூல் அறும், சூப்பர்வைசர் வாயில் நல்ல வார்த்தை வராது. இடைவெளி அளக்கும் கேஜை நுழைத்து நுழைத்துப் பார்த்துப் பழகிய கண், வீட்டுக் கதவு நிலையில் சேராமல் நின்றால்கூட உளியைத் தேடும்.

அண்ணாச்சியின் வண்டியில் முன் மட்கார்டு அசிங்கமாகத் தூக்கிக்கொண்டு நின்றது. இரண்டு பக்கமும் பட்டை இரும்பில் துண்டு வெட்டி, சக்கரத்தைத் தாங்குகிற போர்க்கில் முடுக்கி, மூன்று விரல் உயரத்துக்கு ஏற்றி வைத்திருந்தார். மட்கார்டிலும் ஏகப்பட்ட நெளிசல். சீட்டுக்கு அடியில் ஒரு முழ நீளத்துக்கு இன்னொரு பட்டை இரும்பு. ஒரு முனையை வளைத்து, மறுமுனையில் பழந்துணி சுற்றியிருந்தது.

இவ்வளவு நல்ல வண்டியை வைத்துக்கொண்டு இப்படிக் கோமாளி வேஷம் போட்டிருக்கிறாரே என்று எனக்குக் கோபம்கூட வந்தது. துண்டுகளைக் கழற்றினேன். சீட்டுக்கு அடியில் கிடந்ததையும் சேர்த்து மில்லின் பழைய இரும்புக் குவியலில் வீசினேன்.

ஒரிஜினல் மட்கார்டு நாகர்கோவிலில் ஒரு ஒர்க் ஷாப்பில் இருப்பதாகக் கேள்விப்பட்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை போனேன். முதல் வாரம் கடைக்காரர் காட்டவே மாட்டேன் என்றார். இரண்டாவது வாரம் காட்டினார். மூன்றாவது வாரம் கொடுத்தார். குரோம் பூச்சு, ஒரு கீறல் கிடையாது. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கம்பெனியில் எப்படி மாட்டியிருப்பார்களோ அப்படியே மாட்டினேன். டயருக்கும் அதற்கும் நடுவில் சுண்டுவிரல் நுழையாது. மில் சிநேகிதர்கள் வந்து பார்த்து, "ஷோரூம் வண்டில்லாடே இது!" என்றார்கள். அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

நான் கோவில்பட்டிக்காரன்தான். ஆனால் மில் குடியிருப்பில், தார் ரோட்டில் வளர்ந்தவன். மழைக்காலத்துக் கரிசலை அதுவரை பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருந்தேன். அண்ணாச்சி ஏன் தூக்கி வைத்தார் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

ஆறு மணி பஸ்

கோமதி ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, பதினோரு வருஷம் ஆகியிருந்தது. புதுப்பிக்க வேண்டிய தேதியைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைப்பாள். நடுவில் ஒரு நர்சரிப் பள்ளியில் வேலை. சாயங்காலம் தீப்பெட்டி ஆபீஸுக்கு, அதாவது தொழிற்சாலைக்கு, போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன். வயது வரம்பு நெருங்கிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி வீட்டில் பேசமாட்டாள். மாதக் கடைசியில் காலண்டரைக் கிழிக்கும்போது மட்டும் முகம் ஒரு மாதிரி ஆகும்.

அப்புறம் ஒரு ஐப்பசியில் அந்தக் கடிதம் வந்தது. சான்றிதழ் சரிபார்ப்பு. பாளையங்கோட்டை. காலை பத்து மணி. வராதவர்களின் பெயர் பரிசீலிக்கப்பட மாட்டாது என்று கடைசி வரியில் இருந்தது. அந்த வரியை அவள் எத்தனை முறை படித்தாள் என்று எனக்குத் தெரியாது. மடித்த இடத்தில் காகிதம் நைந்துவிட்டது.

"காலைல ஆறு மணி பஸ்ஸுக்குப் போயிருதேன்" என்றாள்.

"பஸ் எதுக்குட்டி? ஒண்ணேகால் மணி நேரம். நம்ம வண்டில கொண்டுபோய் வாசல்ல இறக்குதேன். ஏழு மணிக்குக் கிளம்பினாப் போதும்."

"மழை பேயுதுங்க."

"தார் ரோட்டுக்கு மழை என்ன, வெயில் என்ன?"

அவள் சரி என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. காலையில் ஆறு மணி பஸ்ஸின் ஹாரன் தெருமுனையில் கேட்டபோது அடுப்படியில் அவள் கை ஒரு நொடி நின்றதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, பிளக்கைத் துடைக்கப் போனேன்.

ஏழு மணிக்குப் புறப்பட்டோம். இராத்திரி முழுக்கப் பெய்து அப்போதுதான் வெறித்திருந்தது. நாலாட்டின்புத்தூர் தாண்டியதும் ஆறாவது கியர். இரண்டு பக்கமும் கறுப்பு நிலம், நனைந்து, பருத்திச் செடி முழங்கால் உயரத்துக்கு நின்றது. கயத்தாறு பக்கம் காற்றாலைகள் அப்போதுதான் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்தன. இரண்டு சைலன்சரும் ஒரே குரலில் பாட, அடிவயிற்றில் அந்த அதிர்வு. அப்பா! இன்றைக்கும் நினைத்தால் எனக்கு மயிர்க்கூச்செறியும். கோமதி என் தோளில் கை வைத்திருந்தாள். "மெதுவா, மெதுவா" என்றாள். ஆனால் கையில் பயம் இல்லை. அவளுக்கும் அந்த இருபது நிமிஷம் பிடித்திருந்தது என்றுதான் இன்றுவரை சொல்கிறேன். அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

கயத்தாறுக்கு முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. கேஸ் டாங்கர் ஒன்று குறுக்கே கவிழ்ந்து கிடந்தது. போலீஸ்காரர் கையை விரித்து நின்றார்.

"ஒருத்தரையும் விடமாட்டோம். சைக்கிளக்கூட விடமாட்டோம். கேஸ் கசியுதுய்யா, போங்க அங்கன!"

எப்போது திறக்கும் என்று கேட்டேன். அவர் வானத்தைப் பார்த்தார். நான் இடது பக்கம் கடம்பூர் ரோட்டில் வண்டியைத் திருப்பினேன்.

கடம்பூரில் ஒரு வாய் டீ

கடம்பூர் கடைவீதியில் சவரிமுத்து அண்ணாச்சி டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். சத்தத்தை வைத்தே அடையாளம் கண்டு எழுந்து வந்துவிட்டார்.

"எம் பிள்ள வருதுலா! தங்கமா வச்சிருக்கடே" என்று டாங்கைத் தடவினார். விஷயத்தைச் சொன்னேன். மணியாச்சி போய், கங்கைகொண்டான் பக்கம் மெயின் ரோட்டில் ஏறிவிடலாம் என்று என் திட்டத்தையும் சொன்னேன்.

"பாதி தூரத்துக்குத்தான் தார் ரோடு. அதுக்கு மேல பாலம் வேலை நடக்கு. காட்டுக்குள்ள இறங்கி வண்டிப்பாதையில சுத்தணும். மழை பேஞ்ச கரிசலு..." பேசிக்கொண்டே முன்பக்கம் வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "தம்பி, நான் மட்கார்டத் தூக்கி வச்சிருந்தேம்லா. அது எங்க?"

"ஒரிஜினலா மாத்திட்டேன் அண்ணாச்சி."

"சீட்டுக்கடியில மண்ணு தோண்டுத பட்டை கிடந்துச்சே?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. கோமதியைப் பார்த்தார்.

"ஏம்மா, பாசஞ்சர் அரை மணி நேரம் லேட்டுங்காவ. ஆனா வந்துரும். நீ பேசாம ரயில்ல போயிரு."

கோமதி என் பக்கம் திரும்பினாள். "நான் ரயில்லயே போயிருதேங்க."

இங்கேதான் நான் மனுஷனாக நடந்திருக்க வேண்டும். "லேட்டுன்னு சொல்லுத ரயில நம்பி நிப்பியா? ஒம்பதரைக்கு உன்னக் கொண்டு சேக்கலேன்னா எம் பேர மாத்தி வச்சுக்கோ. ஏறுட்டி" என்றேன். அண்ணாச்சிக்கு முன்னால், அவர் வண்டியை நான் கெடுத்துவிட்டேன் என்று ஆகிவிடக் கூடாது. அதுதான் என் கவலை.

அவள் ஸ்டேஷன் பக்கம் ஒருதரம் பார்த்தாள். அப்புறம் ஏறினாள்.

பத்தாம் நம்பர்

பாலம் வேலை நடக்கிற இடத்தில் பருத்திக் காட்டுக்குள் இறங்கினோம். நூறு கஜம் போயிருப்போம். முன்சக்கரம் நின்றது. இந்தக் கட்டுரையின் முதல் வரிக்கு வந்துவிட்டோம்.

கரிசல் மண் நனைந்தால் பசை. மிதித்தால் செருப்போடு ஒட்டி, செருப்பு கட்டையாகிவிடும். சக்கரம் அதை வாரிக் கொண்டுபோய் மட்கார்டுக்குள் திணிக்கும். இடைவெளி இருந்தால் உதிர்ந்து விழும். சுண்டுவிரல் நுழையாத இடத்தில் எங்கே விழ?

உடைமரத்துக் குச்சியை ஒடித்துக் குத்தினேன். குச்சி முறிந்தது. சாவியால் கிளறினேன். விரலைவிட்டுத் தோண்டினேன். நகக்கண்ணில் ரத்தம். எப்படியோ சக்கரம் சுற்றியது. "ஏறு, ஏறு!" இருபது கஜம் போனதும் மறுபடி அடைத்துக்கொண்டது. மறுபடி தோண்டினேன். பதினைந்து கஜம். மறுபடியும்.

மூன்றாவது முறை நான் குனிந்து தோண்டிக்கொண்டிருந்தபோது கோமதி, "ரயில்" என்றாள்.

நிமிர்ந்தேன். தூரத்தில் கரை மேல் பாசஞ்சர் போய்க்கொண்டிருந்தது. ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் தலைகூடத் தெரிந்தது. கடைசிப் பெட்டி மறைகிற வரைக்கும் அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

திரும்பி வண்டியைப் பார்த்தாள். மட்கார்டைப் பார்த்தாள்.

"இதக் கழத்திருவோம்" என்றாள்.

நாலு போல்ட். பக்கவாட்டு டூல் பாக்ஸில் பத்தாம் நம்பர் ஸ்பேனர். மட்கார்டு இல்லாவிட்டால் அடைக்க இடமே இல்லை. எனக்கு இது தெரியாதா? முதல் முறை அடைத்தபோதே தெரியும். ஆனால் கழற்றினால் எங்கே வைப்பது? வண்டியில் கட்ட இடமில்லை. மழைக்கு நனைய இந்தக் காட்டிலேயே போட்டுவிட்டுப் போக வேண்டும். மூன்று ஞாயிற்றுக்கிழமை. ஒரு கீறல் கிடையாது.

"கழத்தக் கூடாதுட்டி. மட்கார்டுதான் ரெண்டு போர்க்கையும் சேத்துப் பிடிச்சிருக்கு. கழத்தினா போர்க் ஆடும். மெயின் ரோட்டுல ரெண்டு பேரும் விழுந்து சாவோம்" என்றேன்.

இதுதான் இரண்டாவது பொய். முழுப் பொய்கூட இல்லை. அதனால்தான் அது அவ்வளவு கேவலம். சில வண்டிகளுக்கு அது உண்மை. இந்த வண்டிக்கு, நாங்கள் போகிற வேகத்துக்கு, ஒன்றும் ஆகாது. பதினோரு வருஷம் காத்திருந்தவளை ஒரு தகரத்துக்காகச் சேற்றில் நிறுத்தி வைத்துவிட்டு, தொழில் தெரிந்தவன் குரலில் அதைச் சொன்னேன்.

சொல்லிவிட்டு மறுபடி குனிந்து தோண்டினேன். எத்தனை நிமிஷம் என்று தெரியாது. பின்னால் சத்தம் இல்லை. திரும்பினேன்.

மஞ்சள் பையை முந்தானையால் இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தாள். கையில் பத்தாம் நம்பர்.

"தள்ளுங்க" என்றாள்.

இதற்காகவே இஸ்திரி போட்ட இளநீலக் காட்டன் சேலை. அதோடு சேற்றில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். மண்ணை வழித்துப் போல்ட்டைக் கண்டுபிடித்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவது போல்ட்டில் நான் செக் நட் போட்டு முடுக்கியிருந்தேன். அவள் பலம் அதற்குப் பத்தவில்லை. ஸ்பேனரை என்னிடம் நீட்டினாள். வாங்கிக் கழற்றினேன்.

இரண்டு பேரும் பிடித்து இழுத்தோம். மண்ணோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. அவள் அதைப் பாதையோரத்தில் போட்டாள். சாக்கைத் தலைக்குப் போட்டுக்கொண்டு வரப்பில் வந்த ஒரு சம்சாரி (எங்கள் பக்கம் விவசாயியை அப்படித்தான் சொல்வோம்) நின்று பார்த்தார்.

"ஏம்மா, இது வேண்டாமா?"

"வேண்டாம். நீங்களே எடுத்துக்கிடுங்க" என்றாள் கோமதி.

வண்டி கிளம்பியது. அடைக்கவில்லை. ஆடவும் இல்லை.

வேப்பமரத்தடி

மட்கார்டு இல்லாத முன்சக்கரம் சேற்றை வாரி என் மூஞ்சியில் அடித்தது. கங்கைகொண்டானில் மெயின் ரோடு ஏறியபோது என் வாய்க்குள் கரிசல். என்னைத் தாண்டி அவள் மேலும் அடித்தது. பையை மட்டும் எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்து, என் முதுகோடு தன் நெஞ்சை அழுத்தி மூடிக்கொண்டாள்.

பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்து வாசலில் இறங்கியபோது பத்து இருபத்தைந்து.

வராந்தாவில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தவர் பட்டியலைப் பார்த்தார். "ரெண்டு தடவ கூப்பிட்டாச்சும்மா. வரலேன்னு குறிச்சாச்சு."

"சார், ரோட்டுல டாங்கர்..." என்று நான் ஆரம்பித்தேன். கோமதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

"சார், நான் இங்கதான் இருப்பேன். எல்லாரையும் பாத்து முடிச்சப்புறம் ஒரே ஒரு தடவ கூப்பிடுங்க" என்றாள்.

"அது மேடம் கையில இருக்கு. எனக்குத் தெரியாது" என்றார் அவர்.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். பதினொன்று, பன்னிரண்டு. கடலை மிட்டாய் வாங்கி வந்து நீட்டினேன். வாங்கிப் பக்கத்தில் வைத்தாள். மடித்துவைத்த குடைகளும் பொதிந்துவைத்த பைகளுமாக ஆட்கள் உள்ளே போனார்கள், சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். ஒவ்வொரு பெயரைக் கூப்பிடும்போதும் அவள் முதுகு நிமிரும். கன்னத்தில் காய்ந்த மண்ணைத் துடைக்கச் சொன்னேன். துடைக்கவில்லை.

மூன்று மணி வாக்கில் பேசினாள்.

"கிடைக்கலேன்னா என்ன செய்வீங்க?"

"வண்டிய வித்திருதேன்."

"வித்தா எனக்கு வேலை வந்துருமா?"

இருந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்று இருந்தது.

நாலரைக்குப் பியூன் வெளியே வந்து அவள் பெயரைச் சொன்னார். பாதிப் பெயர் சொல்வதற்குள் அவள் படியில் இருந்தாள்.

இருபது நிமிஷம். பையோடு வெளியே வந்தாள். வாசலைத் தாண்டி, வண்டிக்குப் பக்கத்தில் வந்து, சீட்டின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். "பாத்துட்டாவ... எல்லாத்தையும் பாத்துட்டாவ... கையெழுத்துப் போட்டாச்சு" என்று திக்கித் திக்கிச் சொன்னாள். உள்ளே இருந்த மேடம் அவள் சேலையைப் பார்த்துவிட்டு, "கரிசக்காட்டு வழியாவா வந்தீங்க?" என்று மட்டும் கேட்டார்களாம். அவர்களும் அந்தப் பக்கத்தில் வேலை பார்த்தவர்களோ என்னவோ.

கோழி குடிக்கிற தண்ணீர்

வேலை கிடைத்தது. எங்கே தெரியுமா? கடம்பூரைத் தாண்டி, அதே பாதையில், ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம்.

மில்லில் பட்டை இரும்பு எடுத்து இரண்டு துண்டு வெட்டினேன். கொட்டகை மூலையில் கிடந்த அண்ணாச்சியின் பழைய நெளிந்த மட்கார்டை மாட்டினேன். அவர் வந்து மூன்று விரலை நுழைத்துப் பார்த்துவிட்டு, "இப்பதாம்டே இது கரிசக்காட்டு வண்டி" என்றார். மண் தோண்டுகிற பட்டை ஒன்றும் அவரே செய்து கொடுத்தார். எத்தனையோ மழைக்காலம் அவளைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூட வாசலில் இறக்கியிருக்கிறேன். ஒரு நாளும் முதல் மணிக்குப் பிந்தியதில்லை. வெயில் காலத்தில், விடுமுறை நாளில், கன்னியாகுமரிவரை போயிருக்கிறோம். அப்போதெல்லாம் பின்னால் இருந்து "மெதுவா" என்ற சத்தம் வருவதில்லை.

அந்தப் பாதையில் சம்சாரியின் வீடு இருந்தது. என் குரோம் மட்கார்டை முற்றத்தில் மல்லாக்கப் போட்டு, கோழிகளுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார். வெயில் பட்டால் பளபளவென்று மின்னும். என் கை தானாக ஆக்சிலேட்டரைத் தளர்த்தும். "ரோட்டப் பாருங்க" என்று பின்னாலிருந்து ஒரு தட்டு விழும்.

சிவப்புப் பேனா

இந்தத் தொடரின் ஒவ்வொரு அத்தியாயத்தையும் பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன்னால் கோமதி படித்துவிடுவாள். ஓய்வு பெற்ற டீச்சர். கையில் சிவப்புப் பேனா இல்லாமல் படிக்கத் தெரியாது.

இந்த அத்தியாயத்தைக் கொடுத்துவிட்டு நான் வெளி அறையில் போய் உட்கார்ந்துகொண்டேன். போர்க் ஆடும் என்று சொன்னது பொய் என்று அவளிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. இத்தனை வருஷம் கழித்து, ஊர் படிக்கிற காகிதத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறேன். உள்ளே பக்கம் புரளும் சத்தம் கேட்டது. நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, மறைக்காமல் சொல்கிறேன். எவன் இப்படித் தன் குற்றத்தை எழுதுவான் என்று ஒரு நினைப்பு.

வந்தாள். காகிதத்தை நீட்டினாள். இரண்டு இடத்தில் ஒற்று போட்டிருந்தாள். போர்க் பற்றிய பத்தியில் ஒரு புள்ளிகூட இல்லை.

"படிச்சியா?" என்றேன்.

"படிச்சேன். எட்டே முக்காலுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். போர்க் ஆடாதுன்னும் தெரியும். ரெண்டு வருஷமா ஒங்களுக்கு ஸ்பேனர் எடுத்துக் குடுத்தவ நான்."

"அப்ப ஏன் கொஞ்ச நேரம் சும்மா நின்ன?"

"நீங்களா கழத்துதீங்களான்னு பாத்தேன்."

அவள் கதவு வரைக்கும் போய்விட்டுத் திரும்பினாள்.

"ஒண்ண விட்டுட்டீங்க. போர்க் ஆடும்னு சொல்லுதப்ப ஒங்க இடது கை எங்க இருந்துச்சு?"

நினைவில்லை என்றேன்.

"டூல் பாக்ஸ் மூடி மேல. நான் திறந்திரக் கூடாதுன்னு அமுக்கிப் பிடிச்சிருந்தீங்க. நீங்க மண்ணு தோண்டக் குனிஞ்சப்புறந்தான் என்னால எடுக்க முடிஞ்சுது. எழுதுததுன்னா அதையும் எழுதுங்க."

எழுதிவிட்டேன், கோமதி.